இரண்டாம் மாடிக் காடு

எனக்குச் சீராக வந்த பித்தளைத் தாம்பாளத்தில் ஐந்து ஓட்டைகள் இருக்கின்றன. விளிம்பில் என் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருக்கும். தேதியை ஒட்டியே ஒரு ஓட்டை விழுந்திருக்கிறது. போட்டவர் வேறு யாருமில்லை, அந்தத் தேதியில் எனக்குத் தாலி கட்டியவர்தான்.

நான் பள்ளி விட்டு வந்தபோது பால்கனியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, யாரிடமோ இரவல் வாங்கி வந்த டிரில்லின் முனையை ஊதிக்கொண்டிருந்தார். தரையெல்லாம் பித்தளைத் தூள். நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"தண்ணி வடியணும்ல டீச்சர். வடியலைன்னா வேர் அழுகிடும்" என்றார்.

"பூஜைக்கு எடுக்கற தட்டுங்க அது."

"அரசமரம்தானே வைக்கப் போறேன். அதுவும் பூஜைதான்."

இந்தப் பதிலை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொண்டுதான் டிரில்லைக் கையில் எடுத்திருப்பார். இருபத்து நான்கு வருடம் கூடவே இருந்தவளுக்கு அது தெரியாதா? நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. சமையலறைக்குப் போய்க் காப்பி போட்டேன். அதற்குக் காரணம் இருந்தது.

அவருக்கு எங்கள் தீவின் ஹேடோ துறைமுகத்தில் வேலை. கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டிலிருந்து வரும் கப்பல் சரக்குகளைச் சரிபார்த்து இறக்குவது. கப்பல் வருகிற நாளில் விடியற்காலையே போய்விடுவார். வராத நாளில் வரும் வரைக்கும் காத்திருப்பதுதான் வேலை. காத்திருக்கிற ஆண்கள் எல்லாருடைய இடது உள்ளங்கையிலும் கைனி இருக்கும். காய்ந்த புகையிலைத் தூளில் ஒரு துளி சுண்ணாம்பு வைத்து, வலது கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து, இரண்டு தட்டுத் தட்டிக் கீழுதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்வார்கள். இவர் இருபத்திரண்டு வருடம் ஒதுக்கினார். நான் சண்டை போட்டிருக்கிறேன், அழுதிருக்கிறேன், டப்பாவைக் கடலில் எறிந்திருக்கிறேன். மறுநாளே புது டப்பா வந்துவிடும்.

அப்புறம் ஒரு நாள் பல்வலி என்று போனவரிடம், உதட்டுக்குள் ஒரு வெள்ளைப் படலம் இருப்பதாக டாக்டர் சொன்னார். பயப்பட வேண்டாம், இன்றைக்கே விட்டால் தானாகவே மறையலாம், மறையாவிட்டால் கொஞ்சம் வெட்டியெடுத்து மெயின்லேண்டுக்கு டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார். இங்கே இருப்பவர்களுக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. வெங்காயம் மெயின்லேண்டிலிருந்து வரும், பள்ளிப் புத்தகம் வரும், மாப்பிள்ளைகள் வருவார்கள். ஆனால் வியாதிக்காக மெயின்லேண்டுக்குப் போகிறார்கள் என்றால் அது சின்ன வியாதி இல்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் ஸ்கூட்டரின் பின்னால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

அன்றோடு நிறுத்தினார். நிறுத்தியது வாய்தான், கை நிறுத்தவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட இடது கை விரிந்து, வலது கட்டைவிரல் ஒன்றுமில்லாத உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருக்கும். டிவி பார்க்கும்போது தேய்ப்பார். சாப்பாட்டுக்கு இலை போடும் வரை தேய்ப்பார். ஒரு மாதம் இப்படிப் போனபிறகு மொபைலில் போன்சாய் பற்றி ஏதோ வீடியோ பார்த்தார். வெள்ளைத் தலைமுடி வைத்த ஒரு ஜப்பானியர், மரம் ஒன்றைத் தட்டில் வைத்து, கத்தரிக்கோலோடு அரை மணி நேரம் அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கடைசியில் ஒரே ஒரு இலையை வெட்டினாராம்.

"இதுதான் டீச்சர் எனக்கு ஏத்த வேலை" என்றார். அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்கு ஏற்ற வேலை என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

அதனால்தான் தாம்பாளத்துக்குக் கத்தவில்லை. மாவுச் சல்லடை போனபோதும் கத்தவில்லை. செங்கல்லை உடைத்துச் சலித்து, பட்டாணி அளவுக் கல்லை மட்டும் எடுத்து, அதில்தான் செடி வைக்க வேண்டுமாம். மண்ணில் வைத்தால் செடி சொகுசாகிவிடுமாம். கிளையை வளைக்கக் கம்பி வேண்டும் என்று ஜங்லிகாட்டில் மோட்டார் ரிப்பேர் பார்க்கிற கடையிலிருந்து பழைய தாமிரக் கம்பியை ஒரு பந்து வாங்கி வந்தார். அதை விரல் நீளமுள்ள செடிக்குச் சுற்றியபோது கம்பிக்குள் செடி இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. முதல் மாதத்தில் நான்கு செடிகள் செத்தன. ஒன்றுக்குத் தண்ணீர் அதிகம், ஒன்றுக்குக் குறைவு, ஒன்றை வளைக்கும்போது பட்டென்று ஒடித்தார். நான்காவது, வேர் எப்படி இருக்கிறது என்று தினமும் பிடுங்கிப் பார்த்ததால் செத்தது. என் வகுப்புப் பிள்ளைகள் பயறு முளைக்கப் போடும்போதும் இதையேதான் செய்வார்கள். அவர்களுக்கு ஒன்பது வயது.

நல்ல மரம் வேண்டும் என்று முதலில் அவர் மெயின்லேண்டுக்கு எழுதினார். இது எங்கள் தீவுக்காரர்களின் ஜாதகக் கோளாறு. எது வேண்டுமென்றாலும் முதலில் கடலுக்கு அந்தப் பக்கம்தான் பார்ப்போம். ஆன்லைனில் தேடினால் பாதிப் பேர் தீவுக்கு அனுப்ப மாட்டோம் என்றார்கள். கடைசியில் சென்னையில் படிக்கிற எங்கள் மகள் ஒரு நர்சரிக்குப் போய் வாங்கி, விடுமுறைக்குக் கப்பலில் வரும்போது கூடவே கொண்டுவந்தாள். மூன்று ராத்திரி, கப்பல் ஆடுகிற ஆட்டத்தில், பெட்டியைக் கால்மாட்டில் வைத்துவிட்டு மரத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியிருக்கிறாள். நீலப் பளபளப்புத் தொட்டி, அதில் பிளாஸ்டிக் சீட்டு, சீட்டில் ஆங்கிலத்தில் ஒரு பெயர். இவர் அதைப் பால்கனியில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு தலையை வெளியே நீட்டிக் கழிவுநீர்க் குழாயைப் பார்த்தேன்.

"ஏங்க, இது நம்ம பைப்புல மொளைச்சிருக்கற இச்சிதானே?"

அவர் சீட்டைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள்.

இந்த ஊரில் சுவர் இருந்தால் மரம் இருக்கும். வருடத்தில் எட்டு மாதம் மழை. மைனா பழத்தைத் தின்றுவிட்டு எங்கே உட்கார்ந்தாலும் அங்கே ஒரு அரசு, ஒரு ஆல், ஒரு இச்சி. எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கச் சுவரைப் பார்த்தால் கட்டிடத்தைத் தாங்குவது சிமெண்டா வேரா என்று தெரியாது. அன்றிலிருந்து அவர் சுவர்களைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். ஸ்கூட்டரில் போகும்போது திடீரென்று பிரேக் போடுவார். "ஏக் மினிட் டீச்சர்" என்று இறங்கி, யாருடைய காம்பவுண்டுச் சுவரிலிருந்தோ ஒரு அரசங்கன்றை வேரோடு நெம்பி, ஈரத் துணியில் சுற்றி என் மடியில் வைப்பார். ஒரு முறை வண்டூருக்குக் கல்யாணத்துக்குப் போனோம். பட்டுப்புடவையும் மடியில் இரண்டு ஆலங்கன்றுமாகத் திரும்பி வந்தேன்.

ஒரு வருடத்தில் பதினொன்று சேர்ந்தன. பன்னிரண்டாவது அந்த நீலத் தொட்டி. மற்றவற்றை "பச்சே" என்று கூப்பிடுவார். இந்தியில் பிள்ளைகள். நீலத் தொட்டியை மட்டும் "மெயின்லேண்டுக்காரர்" என்பார். அதற்குத்தான் பூச்சி பிடிக்கும், அதற்குத்தான் இலை கொட்டும், அது மட்டும்தான் வளராது.

"இன்னும் இருபது வருஷத்துல பாரு டீச்சர், இந்தத் தாம்பாளத்துல விழுது இறங்கும்" என்பார்.

"இன்னும் ஏழு வருஷத்துல ரிட்டயர்டு. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். விழுதை எங்க இறக்கறது?"

"டென்ஷன் மத் லோ, கவலைப்படாதே. அப்பப் பாத்துக்கலாம்."

மார்ச், ஏப்ரலில் மூன்று நாளைக்கு ஒரு முறைதான் குழாயில் தண்ணீர் வரும். நாங்கள் வாளிக் குளியலை அரை வாளியாக்குவோம். இவருடைய பிள்ளைகள் மட்டும் தினம் இரண்டு வேளை குளித்தன. அரிசி கழுவிய தண்ணீர், பருப்பு கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் வாசலில் வரிசையாக நிற்கும். வடிந்த தண்ணீர் கீழ்வீட்டுப் பெங்காலி அம்மாளின் பால்கனிக்குச் சொட்டும். அவர் அங்கே பருப்பு மாவை வடகம் மாதிரி சின்னச் சின்னதாகக் கிள்ளி வைத்துக் காயப்போட்டிருப்பார். மீன் கழுவிய தண்ணீர் அதில் சொட்டிய அன்று படியேறி வந்தார். நான் பயந்துகொண்டே கதவைத் திறந்தேன். அவர் நேரே பால்கனிக்குப் போய் மரங்களைப் பார்த்தார்.

"பாபி, பாயீஸாப் டீக் ஹோ கயே?" என்று கேட்டார். உன் வீட்டுக்காரருக்குச் சரியாகிவிட்டதா என்று.

மரத்தைப் பற்றிக் கேட்காமல் அதைக் கேட்டார். நான் தலையாட்டினேன். மறுநாளிலிருந்து அவர் வடகத்தைப் பால்கனியின் மறுபக்கத்தில் காயப்போட்டார்.

உண்மையில் சரியாகிக்கொண்டுதான் இருந்தது. ஆறு மாதத்தில் வெள்ளைப் படலம் சுருங்கியது. இன்னும் கவனமாக இருக்கச் சொன்னார் டாக்டர். நான் என் பங்குக்கு வாரம் ஒரு முறை துணி துவைக்கும்போது அவருடைய சட்டைப் பைகளைத் திருப்பிப் பார்ப்பேன். திருட்டுத்தனம்தான். அதற்கு வெட்கப்படவில்லை. பையில் கம்பித் துண்டு இருக்கும், செங்கல் பொடி இருக்கும், ஒரு முறை உயிரோடு ஒரு மண்புழு இருந்தது. சுண்ணாம்பு ட்யூப் ஒரு நாளும் இல்லை.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பால்கனிக்கு மேலே சன்ஷேட். அதில் ஒரு அரசமரம், என் உயரத்துக்கு. அதிலிருந்துதான் இவர் கிளை வெட்டி நட்டுப் பழகுவார். அதன் வேர் சுவருக்குள் இறங்கிக் குளியலறைக் குழாயைப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் போகாமல் கணுக்கால் வரை நிற்கும். நான் பத்து முறை சொன்னேன்.

"அது தாய் மரம் டீச்சர். அதை எப்படி வெட்டறது?"

"அந்தத் தாய் நம்ம பாத்ரூம்ல வந்து குடியிருக்கா."

ஒரு நாள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் குளியலறைத் தண்ணீர் கூடத்துக்கு வந்தது. ஆத்திரம் தாங்கவில்லை. நேரே பராமரிப்பு அலுவலகத்துக்குப் போய், புகார்ப் புத்தகத்தில் என் கையால் எழுதினேன். இரண்டாம் மாடி, பின்பக்கம், மரம் முளைத்திருக்கிறது, வேரோடு அகற்றவும். அவரிடம் சொல்லவில்லை. ஆட்கள் வந்து வெட்டியபிறகு, ஐயோ யார் வெட்டினார்கள் என்று கூடவே சேர்ந்து வருத்தப்படலாம் என்பது என் திட்டம். மூன்று மாதம் யாரும் வரவில்லை. நானே மறந்துபோனேன்.

டிசம்பரில், மழை ஓய்ந்ததும், கான்டிராக்டரின் ஆட்கள் வந்தார்கள். அன்று கப்பல் வந்திருந்ததால் இவர் துறைமுகத்தில். நான் பள்ளியில். சாவி கீழ்வீட்டு அம்மாளிடம் இருந்தது. அவர்தான் கதவைத் திறந்துவிட்டுவிட்டு, கீழே உலை கொதிக்கிறது என்று போயிருக்கிறார்.

நான் மூன்று மணிக்கு வந்தேன். சன்ஷேட் சுத்தமாக இருந்தது. பால்கனியும் சுத்தமாக இருந்தது. தாம்பாளம், எனாமல் தட்டு, ஐஸ்கிரீம் டப்பாக்கள் எல்லாவற்றையும் கழுவி ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கியிருந்தார்கள். தரையைப் பெருக்கியிருந்தார்கள். ஒரு ஓரத்தில் ஒற்றை ஊதுபத்தி எரிந்து முடிந்த சாம்பல். அரசமரத்தை வெட்டுகிறவர்கள் முதலில் ஊதுபத்தி ஏற்றி மன்னிப்புக் கேட்டுக்கொள்வது வழக்கம். பதினொரு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே ஊதுபத்தியில் முடித்துவிட்டார்கள்.

நீலத் தொட்டியை மட்டும் தொடவில்லை. அதில் சீட்டு இருந்தது அல்லவா, அது காசு கொடுத்து வாங்கியது என்று தெரிந்திருக்கிறது. மெயின்லேண்டுக்காரர் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

வாசலில் சத்தம் கேட்டது. மேஸ்திரி, விட்டுப்போன கயிற்றை எடுக்க வந்திருந்தார். கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்துக்குக் குடியேறிய சிலோன் குடும்பத்து ஆள், ஐம்பது வயதிருக்கும். நான் அவர்மேல் பாய்ந்தேன். வகுப்பில்கூட அப்படிப் பேசியதில்லை.

அவர் கயிற்றைச் சுற்றிக்கொண்டே கேட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து புகார்ச் சீட்டின் நகலை எடுத்துக் காட்டினார். என் கையெழுத்து. குண்டு குண்டாக, கோடு தப்பாமல்.

"நாங்க என்னத்தக் கண்டோம் டீச்சரம்மா. செவுத்துல மொளச்சதப் புடுங்கச் சொன்னாங்க. தட்டுலயும் அதே செடிதான் மொளச்சிருந்திச்சு. வேல பாதில வுட்டுட்டுப் போனாங்கன்னு பேரு வரப்புடாதுன்னு அதையும் புடுங்கிட்டோம்."

"அதெல்லாம் வளத்த செடி. ஒரு வருஷமா வளத்தது."

"இதப் போயி யாராச்சும் வளப்பாங்களா?" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் குரலை இறக்கினார். "பொறத்தால குப்பைக் குமிலதான் கெடக்கு. காலைல ஏழு மணிக்கு டிராக்டர் வந்து அள்ளிக்கிட்டுப் போயிரும். அதுக்கு முந்தி எடுத்துக்கிருங்க. சாவாது டீச்சரம்மா. இருவது வருசமா நானும் அதக் கொல்லத்தான் பாக்குறேன், முடியல."

நான் உடனே இறங்கிப் போயிருக்க வேண்டும். அதற்குள் என் வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. மேஸ்திரி கயிற்றோடு பின்படிக்கட்டில் இறங்கிவிட்டார்.

இவர் மேலே வந்ததும் பால்கனியில் போய் நின்றார். கவிழ்த்த தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார், அடியில் ஏதாவது இருக்கும் என்பது போல. நான் சமையலறை வாசலில் நின்றேன்.

"நல்லதாப் போச்சு. உனக்குத் துணி காயப்போட எடம் கெடச்சுது" என்றார்.

கேலி செய்வது எங்கள் வீட்டில் என் வேலை. அவர் சொன்னபோது அது கேலியாக இல்லை. கைகழுவினார். நாற்காலியில் உட்கார்ந்தார். இடது கை விரிந்தது. வலது கட்டைவிரல் உள்ளங்கையைத் தேய்க்கத் தொடங்கியது. ஒரு வருடமாக நான் பார்க்காத தேய்ப்பு. ஐந்து நிமிடம் தேய்த்தார். பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஜங்லிகாட் முனையில் அவருடைய பழைய கைனிக் கடை எனக்கும் தெரியும்.

டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடும். குப்பைக் குவியலில் பூரான் இருக்கும். எங்கள் ஊர்ப் பூரான் சாண் நீளம். டார்ச் எடுத்துக்கொண்டு படி வரை போய்விட்டுத் திரும்பினேன். பயமும் இல்லாமல் இல்லை, ஆனால் அதைவிட அவர் திரும்பி வரும்போது வீட்டில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. என் முட்டாள்தனமான ஆத்திரத்துக்காக என்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. குளியலறைக் குழாய்க்காக அவர் வாயைப் பணயம் வைத்துவிட்டேன்.

ஆறு மணிக்கு வந்தார். பால்கனிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரின்மேல் ஒரு பொட்டலத்தை வைத்தார். பக்கத்தில் சுண்ணாம்பு ட்யூப்.

"வாங்கிட்டேன்" என்றார். "இன்னும் பிரிக்கலை."

நான் பக்கத்தில் போய் நின்றேன். கீழே தெருவிளக்கு எரிந்தது. துறைமுகத்தில் கப்பலின் விளக்குகள் தெரிந்தன.

"கம்ப்ளைண்ட் எழுதினது நான்தாங்க" என்றேன். "மேல இருக்கற மரத்தைத்தான் சொன்னேன். உங்க பிள்ளைங்களைச் சொல்லலை."

"தெரியும். கீழ எறங்கும்போது மேஸ்திரி பாத்து சீட்டைக் காட்டினார். அந்த மாதிரி குண்டு எழுத்து இந்தத் தீவுல வேற யாரு எழுதுவா?"

"திட்டுங்க."

"இப்ப வேணாம். திட்ட ஆரம்பிச்சா இதைப் பிரிச்சிடுவேன்."

அவர் பொட்டலத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அதை எடுத்து எறிய என் கை பரபரத்தது. முன்பு எறிந்திருக்கிறேன், மறுநாளே வேறு வந்திருக்கிறது. அதனால் தொடவில்லை. காலை ஏழு மணிக்கு டிராக்டர் வரும் என்பதை மட்டும் சொன்னேன். சாப்பிட்டோம். படுத்தோம். பொட்டலம் சுவர்மேலேயே இருந்தது. இரவு லேசாகத் தூறியது கேட்டது, கன்றுகளின் வேர் காயாது, அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தேகால் மணிக்கு வெளிச்சம் வந்தது. பால்கனியைப் பார்க்காமல் வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவர் எனக்கு முன்பே குப்பைக் குவியல்மேல் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு நின்றார். கையில் என் சப்பாத்தி இடுக்கி, பூரானுக்கு. கீழ்வீட்டு அம்மாள் ஜன்னலில் நின்று, அங்கே ஒன்று தெரிகிறது, இங்கே ஒன்று தெரிகிறது என்று இந்தியில் வழி சொன்னார். நேற்றிலிருந்து அவரும் தூங்கவில்லை போல.

ஒவ்வொரு கன்றையும் எடுத்து, தண்டில் நகத்தால் மெல்லக் கீறிப் பார்ப்பார். தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. "ஜிந்தா" என்று என் வாளியில் போடுவார். ஒன்பது முறை அப்படிச் சொன்னார். ஒன்று நசுங்கிவிட்டது. இன்னொன்று கிடைக்கவே இல்லை. வண்டூர்க் கல்யாணத்தில் என் மடியில் வந்த இரண்டில் ஒன்று. டிராக்டர் வந்து நின்றபோது நாங்கள் இன்னும் அதைத் தேடிக்கொண்டிருந்தோம்.

தாம்பாளத்தில் நான்தான் நட்டேன். பரிகாரமாக இருக்கட்டும் என்று. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டீச்சர், அது தலைகீழா இருக்கு."

"எது?"

"சும்மா சொன்னேன். ஆனா இவ்வளவு ஆழத்துல புதைக்கக் கூடாது. நான் ஒரு வருஷம் பாடம் எடுத்தேன், நீ கவனிக்கவே இல்லை."

அவரே மறுபடி நட்டார். வேரை விரலால் பிரித்துப் பரப்பி, கல்லைத் தூவி, கட்டைவிரலால் அழுத்தினார். அதே கட்டைவிரல். எல்லாம் முடிந்து நிமிர்ந்தவர் நீலத் தொட்டியைப் பார்த்தார். மெயின்லேண்டுக்காரரின் இலைக்கு அடியில் வெள்ளையாக மாவுப்பூச்சி.

"நல்ல நேரம் பாத்து வந்திருக்கு" என்றார்.

கைப்பிடிச் சுவரில் அந்தப் பொட்டலம் தூறலில் நனைந்து கிடந்தது. அவர் கை அதற்குப் போனது. எடுத்தார். ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தார். புகையிலை வாடை எனக்கு வந்தது. இருபத்திரண்டு வருடம் என் தலையணையில் இருந்த வாடை. அவர் அதை முகர்ந்தார். பொய் சொல்ல மாட்டேன், நன்றாக, கண்ணை மூடி முகர்ந்தார்.

பிறகு பழைய ஜூஸ் பாட்டிலில் பொட்டலத்தை மொத்தமாகக் கவிழ்த்து, தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகிக் குலுக்கினார்.

"நாளைக்கு வடிகட்டி அடிச்சா பூச்சி செத்துடும். வீடியோல பாத்தேன்" என்றார்.

பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே திரும்பினேன்.

"டீச்சர், உன் சிவப்புப் பேனாவைக் குடு."

"எதுக்கு?"

"பாக்க டீ டிகாக்‌ஷன் மாதிரியே இருக்கு. நீ வெயில்ல ஓடி வந்து மடமடன்னு குடிச்சுட்டா?"

பேனாவைக் கொடுத்தேன். ஒரு காகிதத் துண்டை பாட்டிலில் ஒட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு, என் எழுத்தைப் போலவே குண்டு குண்டாக எழுதினார். உதட்டுக்குள் இருபத்திரண்டு வருடம் வைத்திருந்ததன்மேல் எழுதினார்: விஷம். வாயில் வைக்கக் கூடாது.

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. நான் பக்கத்தில் ஒரு சரி போட்டுவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினேன்.